கிரைண்டரை விற்றது யார்? பழைய வீட்டுச் சாதனங்களும் விளம்பரங்களும்

பழையமலர் (மதுரை)

வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய தீபாவளி மலர்களையும் வார இதழ்களையும் ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். கதைகளை விட விளம்பரப் பக்கங்களில்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. குக்கர், மிக்ஸி, பிரிட்ஜ், ரேடியோ, தையல் மெஷின், சீலிங் ஃபேன். இன்றைய விளம்பரத்தில் ஒரு நடிகையும் ஒரு வரியும் இருந்தால் போதும். அன்றைக்கு அரைப் பக்கம் முழுக்க எழுத்து. குக்கருக்குள் நீராவி எப்படி அடைபடுகிறது, வெயிட் எதற்கு, கேஸ்கட் எதற்கு, எந்தப் பருப்பு எத்தனை நிமிடம், ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே இருக்கிறது என்று வாத்தியார் பாடம் எடுப்பது மாதிரி விளக்கியிருக்கிறார்கள். வாங்குபவர் அந்தப் பொருளை அதுவரை கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்பதை வைத்தே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த மரியாதை பிடித்திருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. என்னிடம் உள்ள எழுபதுகளின் இதழ்களில் மிக்ஸிக்கும் குக்கருக்கும் பக்கம் பக்கமாக இருக்கிறது. நம் வீடுகளில் காலையையே மாற்றிய வெட் கிரைண்டருக்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை. இட்லி மாவு ஆட்டுவதுதான் சமையலறையிலேயே உடம்பை முறிக்கும் வேலை. அதை எடுத்துக்கொண்ட மெஷினுக்கு ஏன் விளம்பரம் இல்லை? விளம்பரம் இல்லாமல் அது எப்படி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பீளமேடு

எங்கள் ஊர் சமாச்சாரம் என்பதால் நானே ஆரம்பிக்கிறேன்.

வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்தவர் என்று கோவையில் சொல்லப்படுபவர் பி. சபாபதி. 1955ல். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவியைக் கையால் சுற்ற வேண்டும். கிரைண்டரில் இது தலைகீழ். கல் பதித்த டிரம்மை மோட்டார் சுற்றுகிறது, குழவி ஒரு பிடியில் நின்றபடி தானாக உருள்கிறது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு திருப்பத்தில்தான் முழு வேலையும் இருக்கிறது. பாரமான குழவியை மோட்டாரில் கட்டிச் சுற்ற வைத்திருந்தால் தாங்கியிருக்காது.

கோவையில் ஏன் பிறந்தது என்பதற்குக் காரணம் வெளிப்படையானது. பஞ்சாலைகளுக்காகவும் கிணற்றுப் பம்புகளுக்காகவும் மோட்டார் செய்யும் பட்டறைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருந்தன. வார்ப்படத்துக்கு ஆள் உண்டு, கடைசல் பிடிக்க ஆள் உண்டு, காயில் சுற்ற ஆள் உண்டு. கல்லுக்கு ஊத்துக்குளி பக்கம் இருக்கிறது. அதனால் கிரைண்டர் ஒரு பெரிய கம்பெனியின் பொருளாக வளரவில்லை, நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகளின் பொருளாக வளர்ந்தது. பட்டறைக்காரரிடம் கல்கியிலோ விகடனிலோ பக்கம் வாங்கப் பணம் ஏது? உங்கள் மலரில் கிரைண்டர் இல்லாததற்கு இதுதான் நேரடிக் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் வாங்கியவை ஓட்டல்கள். ஓட்டலில் கிரைண்டர் ஓடுவதைப் பார்த்தவர், கல்யாண மண்டபத்தில் பார்த்தவர், அப்புறம் தன் வீட்டுக்கு ஒன்று கேட்டார். வீட்டு சைஸ் வந்தது. சாய்த்து மாவு எடுக்கும் டில்டிங் மாடல் வந்தது. மேடை மேல் வைக்கும் டேபிள் டாப் வந்தது. பின்னாளில் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டு மாதிரி ஒரு மோட்டார் மெஷினுக்குப் புவிசார் குறியீடு என்பதை நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

துளசிமாடம்

பழையமலர் சார், அந்த நீளமான விளக்கங்களில் மரியாதை இருந்தது என்கிறீர்கள். யாருக்கு மரியாதை என்று ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். படத்தில் இருப்பது பெண். எழுத்து பேசுவது ஆணிடம். ‘எரிபொருள் மிச்சம்’, ‘இத்தனை ஆண்டு உத்தரவாதம்’, ‘உங்கள் மனைவிக்கு ஏற்ற பரிசு’ என்றுதான் வரும். பர்ஸ் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் பேசியிருக்கிறார்கள்.

இதன் உச்சம் எண்பதுகளின் பிரெஸ்டீஜ் குக்கர் விளம்பரம். ‘ஜோ பீவி ஸே கரே ப்யார், வோ பிரெஸ்டீஜ் ஸே கைஸே கரே இன்கார்’. மனைவி மேல் அன்பு இருப்பவன் பிரெஸ்டீஜை எப்படி மறுப்பான் என்று அர்த்தம். 1982ல் டிவியில் தேசிய ஒளிபரப்பு ஆரம்பித்த பிறகு இந்த இந்தி வரி தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் வந்தது. அர்த்தம் தெரியாமலே பலர் பாடினார்கள். கடைக்குப் போய்க் கணவர் குக்கர் கேட்கிறார், மனைவி பக்கத்தில் நிற்கிறார். சமைக்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

என் அம்மாவும் பெரியம்மாவும் தினமும் மாவாட்டியவர்கள். தோள்பட்டை வலி அவர்களை விட்டுப் போனதே இல்லை. ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வலியைப் பற்றி ஒரு வரி எழுதிய விளம்பரம் உங்கள் மலர்களில் இருந்தால் போடுங்கள், மனதாரப் படிக்கிறேன்.

காயில்கட்டி (திருச்சி)

வணக்கம். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர்தான் எனக்குத் தொழில். விளம்பரத்தைவிடப் பெட்டியைத் திறந்து பார்த்த அனுபவம்தான் அதிகம். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நம் ஊரில் மிக்ஸி என்றால் முதலில் சுமீத். சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற இன்ஜினியர் பம்பாயில் சீமென்ஸில் வேலை பார்த்தவர். அவருடைய மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் பிரான் மிக்ஸர் நம் சமையலுக்குத் தாங்காமல் மோட்டார் போய்விட்டது. இங்கே ரிப்பேர் பண்ண வழியில்லை. அப்படியானால் நீங்களே ஒன்று செய்யுங்கள் என்று அந்த அம்மா சொன்னதிலிருந்து ஆரம்பித்த கதை அது. துளசிமாடம் அக்கா கேட்பதற்கு இதில் பாதி பதில் இருக்கிறது. கேட்டது சமைக்கிற பெண்மணிதான். அவர் கேட்டபடி மெஷின் வந்தது.

வெளிநாட்டு மிக்ஸர் ஏன் இங்கே புகைந்தது? அது கேக் மாவு கலக்கவும், பழம் அடிக்கவும் செய்தது. நாம் போடுவது காய்ந்த மிளகாய், மல்லி, விரலி மஞ்சள், ஊறவைத்த பருப்பு, தேங்காய். ஈரம் குறைந்த கெட்டிச் சட்னியில் பிளேடு சிக்கும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறும், காயில் சூடேறும், வார்னிஷ் கருகும். அந்த வாசனை இந்தத் தொழிலில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். அதனால் இங்கே மோட்டாரைப் பெரிதாக்கினார்கள். பிளேடை மாற்றினார்கள். கண்ணாடி ஜாருக்குப் பதில் எவர்சில்வர் ஜார் வந்தது. சட்னிக்கென்று தனியாகச் சின்ன ஜார் வைத்தார்கள். அடியில் சிவப்பாக ஓவர்லோடு பட்டன் வந்தது. பொருளே நம் சட்னிக்காகத் திருத்தப்பட்டது.

விளம்பரம் சொன்னது வாட்ஸ் கணக்கும் வேகமும். அதே மெஷினின் அடித்தகட்டில் சின்ன எழுத்தில் எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் நிறுத்த வேண்டும் என்று இருக்கும். மிக்ஸியில் இருக்கும் யுனிவர்சல் மோட்டார் நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றக்கூடியது. சின்ன உடம்பில் பெரிய சக்தி, ஆனால் தொடர்ந்து ஓட அல்ல. சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேயும். இந்த விஷயம் பெரிய எழுத்தில் வந்திருந்தால் எத்தனையோ ஆர்மெச்சர் (மோட்டாரில் காயிலோடு சுற்றும் பாகம்) பிழைத்திருக்கும். கிரைண்டர் மோட்டார் வேறு ஜாதி. இண்டக்‌ஷன் மோட்டார், பிரஷ் கிடையாது, வேகம் குறைவு, பெல்ட் வழியாக இன்னும் குறையும். அரை மணி, முக்கால் மணி பொறுமையாக ஓடும். மாவு சூடாகாது. மிக்ஸியில் அரைத்த இட்லிக்கும் கிரைண்டர் இட்லிக்கும் உள்ள வித்தியாசத்தில் இந்தச் சூட்டுக்கும் பங்கு உண்டு.

பழையமலர்

> அந்த நீளமான விளக்கங்களில் மரியாதை இருந்தது என்கிறீர்கள். யாருக்கு மரியாதை

அக்கா, நீங்கள் சொன்னதை மனதில் வைத்து இன்று மாலை மறுபடி புரட்டினேன். பெரும்பாலும் நீங்கள் சொல்வது சரி. வேலை செய்யும் பெண்ணை யாரும் வரையவே இல்லை. வேலை முடிந்து, பூ வைத்து, சிரித்தபடி நிற்கும் பெண்ணைத்தான் வரைந்திருக்கிறார்கள். பிரிட்ஜ் விளம்பரத்தில் விருந்தாளிகளுக்கு ஐஸ் போட்ட சர்பத் எடுத்து நீட்டுகிறார். மிக்ஸி விளம்பரத்தில் மேஜை நிறையப் பலகாரம். உழைப்பு எங்கேயும் இல்லை.

ஆனால் செய்முறை விளக்கத்தை நான் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குக்கரைப் பார்த்து மக்கள் உண்மையிலேயே பயந்தார்கள். வெடித்துவிடும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருந்தது. உள்ளே அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் கிட்டத்தட்ட 120 வரை போகிறது, அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது, அழுத்தம் மிஞ்சினால் வெயிட் தூக்கும், அதுவும் அடைத்தால் சேஃப்டி வால்வில் உள்ள ஈயம் போன்ற உலோகம் உருகி வழிவிடும் என்று படம் போட்டு விளக்காமல் அந்தப் பயத்தைப் போக்கியிருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் படிக்காத ஒரு தலைமுறைப் பெண்களுக்கு நீராவி அழுத்தத்தைச் சொல்லிக்கொடுத்தது இந்தப் பக்கங்களும் குக்கரோடு வந்த சின்னப் புத்தகமும்தான்.

காயில்கட்டி (திருச்சி)

குக்கர் வெடித்ததற்குப் பெரும்பாலும் காரணம் போலி உதிரிபாகம். கடையில் ரெண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று டூப்ளிகேட் சேஃப்டி வால்வு போடுவார்கள், அது உருக வேண்டிய சூட்டில் உருகாது. இதே பிரச்சினை வடக்கே பெரிதாக வந்தபோதுதான் டி.டி.கே. பிரெஸ்டீஜின் டி.டி. ஜெகந்நாதன் கேஸ்கட் வழியாகவே நீராவி வெளியேறும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். எல்லாம் அடைத்துக்கொண்டாலும் அந்த இடத்தில் கேஸ்கட் பிதுங்கி நீராவி கீழ்ப்பக்கமாகப் போய்விடும். வால்வு போலியாக இருந்தாலும் ஆபத்து குறைவு. எனக்கு அந்த நிறுவனத்தின் எந்த விளம்பரத்தையும் விட இந்த ஓட்டைதான் பெரிது.

ஹாக்கின்ஸ் வேறு வழி. மூடி உள்ளிருந்து அடைக்கும். அழுத்தம் இருக்கும்வரை மூடி திறக்கவே திறக்காது. எந்த மூடி நல்லது என்று ரெண்டு கட்சியும் இன்னும் எங்கள் கடை வாசலில் வாதாடிக்கொண்டிருக்கிறது.

இரவுவானொலி

சமையலறையை விட்டுக் கொஞ்சம் கூடத்துக்கு வாருங்கள்.

ரேடியோ விளம்பரம் என்றால் மர்ஃபி குழந்தை. உதட்டில் விரல் வைத்த அந்தப் படம் காலண்டராக எத்தனை வீட்டுச் சுவரில் தொங்கியது! ரேடியோ வாங்காதவர் வீட்டிலும் அது இருந்தது. அப்போது ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும், எண்பதுகளின் நடுவில்தான் அது ஒழிந்தது. 1967ல் விவித் பாரதியில் வர்த்தக ஒலிபரப்பு வந்ததும் விளம்பரம் காதுக்குள் வந்தது. தெற்கே நமக்கு அதற்கு முன்பே இலங்கை வானொலி இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

டிவி: சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15ல், விளம்பரங்கள் 1976 ஜனவரியிலிருந்து. கலர் 1982ல். நம் ஊர்க் கம்பெனிகள் சாலிடேர், டயனோரா இரண்டுமே சென்னைதான். அவற்றை வாங்கியவர்கள் மரப்பெட்டியையும் இழுத்து மூடும் ஷட்டரையும்தான் இன்றும் பேசுகிறார்கள். ஒனிடா வந்ததும் எல்லாம் மாறியது. கொம்பும் வாலும் வைத்த பச்சைப் பிசாசு, ‘நெய்பர்ஸ் என்வி, ஓனர்ஸ் பிரைட்’. படம் எவ்வளவு தெளிவு, பிக்சர் டியூப் எந்த நாடு என்பதெல்லாம் பின்னால் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரன் வயிறு எரிய வேண்டும், அதுவே டிவி வாங்கக் காரணம். பழையமலர் சொன்ன பாடம் எடுக்கும் விளம்பரம் அங்கேதான் முடிந்தது என்று நான் சொல்வேன். எனக்கு அந்த விளம்பரம் பிடிக்கவில்லை, அன்றும் இன்றும். நம் தெருவில் டிவி பார்க்க ஊரே ஒரு வீட்டில் கூடிய காலம் அது. அந்தக் கூட்டத்தைப் பொறாமை என்று படம் பிடித்தது தப்பு.

வடமராட்சி

நான் யாழ்ப்பாணம். எங்களிடம் பழைய சாதனம் என்றால் முதலில் சிங்கர் தையல் மெசின். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877ல். அவர்களுடைய பலம் விளம்பரப் படத்தை விடத் தவணை முறை. காசை ஒரேயடியாகக் கொடுக்காமல் மாதம் மாதம் கட்டலாம் என்பதை அமெரிக்காவில் 1850களிலேயே சிங்கர் தொடங்கிவிட்டது. 1893 சிகாகோ கண்காட்சிக்காக அவர்கள் அச்சிட்ட வண்ண அட்டைகளில் ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் உடையில் தையல் மெசினோடு இருப்பார்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அட்டை உண்டு. பார்த்திராதவர்கள் தேடிப் பாருங்கோ, அச்சு மிக அழகு.

எங்கட வீடுகளில் அந்த மெசின்களின் மதிப்பு தெரிந்தது தொண்ணூறுகளில். போர்க்காலத்தில் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. பிரிட்ஜ் துணி அடுக்கும் அலுமாரியானது. மிக்ஸி பெட்டிக்குள் போனது. அம்மியும் ஆட்டுக்கல்லும் முற்றத்துக்குத் திரும்பி வந்தன. ரேடியோவில் செய்தி கேட்க சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து கரண்ட் எடுத்தோம். அந்த நாளில் எந்தத் தடையும் பாதிக்காமல் ஓடியது காலால் மிதிக்கும் சிங்கர் மட்டும். அம்மம்மா அதில் தைத்த காசில் எங்கள் வீடு ஓடியது. நூறு வருசம் உழைக்கும் என்று ஒரு விளம்பரம் சொன்னால் நான் நம்புவேன், அந்த மெசினுக்கு மட்டும்.

பீளமேடு

வடமராட்சி ஐயா எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

தவணை என்றதும் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டில் இந்தச் சாதனங்களை நடுத்தர வீட்டுக்குள் கொண்டுவந்ததில் கம்பெனி விளம்பரத்தை விடக் கடைக்காரருக்குப் பங்கு அதிகம். வி.ஜி.பி. 1955ல் ஆரம்பித்தது. ரேடியோ, கடிகாரம், ஃபேன் எல்லாம் தவணையில். வி.ஜி.பி.யில் விற்பனையாளராக வேலை பார்த்த எச். வசந்தகுமார் 1978ல் வசந்த் அண்ட் கோ ஆரம்பித்தார். அவருடைய விளம்பரத்தில் நடிகர் வேண்டாம், அவரே சிரித்துக்கொண்டு வருவார். விவேக்ஸ் புத்தாண்டுத் தள்ளுபடிக்கு விடியற்காலையில் வரிசை நிற்கும். மாதச் சம்பளக்காரர் மனதில் இருந்த கேள்வி ‘இது நல்ல மெஷினா’ என்பது அல்ல, ‘மாதம் எவ்வளவு’ என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களே விற்றார்கள்.

கிரைண்டருக்கு இன்னொரு வழியும் இருந்தது. பொருட்காட்சி. சென்னையில் தீவுத்திடல், மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி. ஸ்டாலில் உளுந்து போட்டு ஓட விடுவார்கள். டிரம்மில் மாவு பொங்கி வருவதைப் பெண்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். பந்து மாதிரி எழும்பும் உளுந்து மாவைப் பார்த்தபின் யாரும் எழுத்தில் விளக்க வேண்டியதில்லை. துளசிமாடம் அம்மாவின் கேள்விக்கு என் பதில் இது. அந்த ஸ்டாலில் பேச்சு நடந்தது பெண்ணிடம்தான். உளுந்து எவ்வளவு போடலாம், கழுவுவது எப்படி, குழவியைத் தூக்க முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். குழவி பாரம் என்று சொல்லிச் சொல்லித்தான் டில்டிங் வந்தது, டேபிள் டாப் வந்தது.

துளசிமாடம்

இது எனக்குத் தெரியாத பக்கம், சந்தோஷமாக இருக்கிறது. பொருட்காட்சியில் அம்மா மாவைத் தொட்டுப் பார்த்தது எனக்கும் நினைவிருக்கிறது. பிரீத்தி மிக்ஸியின் ‘பிரீத்திக்கு நான் கேரண்டி’ ஊரெல்லாம் வாய்மொழியானதற்கும் இதே காரணம் இருக்கலாம். விற்பவர் நேரில் நின்று வாக்குக் கொடுக்கிற தோரணை அதில் இருக்கிறது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கிரைண்டர் கடைசி வீடு வரை போனது விற்பனையால் அல்ல. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. குடும்ப அட்டையில் உள்ள பெண்ணின் பெயரில் கொடுத்தார்கள். அதைப் பற்றி ஆளுக்கொரு அரசியல் கருத்து இருக்கும், இங்கே அது வேண்டாம். கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்த பெண்களிடம் இந்த மெஷின் போய்ச் சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்ய வேண்டும். அவர்களை எந்த விளம்பரமும் வாடிக்கையாளராக நினைக்கவே இல்லை.

காயில்கட்டி (திருச்சி)

அந்த அரசு கிரைண்டர்கள் இன்னும் ரிப்பேருக்கு வருகின்றன. பெரும்பாலும் பெல்ட்தான், சிலதுக்குக் கெப்பாசிட்டர். தூக்கிப்போட்டு விடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டும் மலிவான சாமான், மாற்றினால் ஓடும்.

பழைய மிக்ஸி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல வருடம் சும்மா இருந்ததை எடுத்து உடனே பருப்பு போட்டு ஓட்ட வேண்டாம். புஷ் இறுகியிருக்கும், கார்பன் பிரஷ் ஒட்டியிருக்கும். ஜார் உட்காரும் இடத்தில் இருக்கும் கப்ளரைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் மட்டும் ஜார் இல்லாமல் சில விநாடி ஓட்டிப் பாருங்கள். வயர் உறை வெடித்திருந்தால் பிளக்கிலேயே சொருக வேண்டாம்.

பழையமலர்

எல்லோருக்கும் நன்றி. ஸ்கேன் வேலையில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். இதுவரை பெரிய படம் உள்ள விளம்பரங்களை மட்டும் எடுத்தேன். இனி கடைசிப் பக்கங்களில் இருக்கும் சின்னக் கட்ட விளம்பரங்களையும், டீலர் பட்டியலையும், பொருட்காட்சி அறிவிப்புகளையும் சேர்த்து எடுக்கப் போகிறேன். கிரைண்டர் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

பீளமேடு ஐயா, கோவைப் பட்டறைகள் அச்சடித்த நோட்டீஸ், விலைப்பட்டியல், கிரைண்டரோடு வந்த உத்தரவாத அட்டை எதுவும் உங்கள் பக்கம் யாரிடமாவது கிடைக்குமா? கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

பீளமேடு

கேட்டுப் பார்க்கிறேன். எங்கள் தெருவில் பட்டறை மூடிய ஒரு பெரியவர் வீட்டில் பழைய பில் புக்குகள் மூட்டையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். யார் வாங்கினார்கள், எந்த ஊருக்குப் போனது என்பது பில்லிலேயே இருக்கும். நோட்டீஸ் கிடைத்தால் இங்கேயே படம் போடுகிறேன். பில்லில் உள்ள பெயர்களையும் முகவரிகளையும் மறைத்துவிட்டு ஊர், மாடல், விலை, தேதி மட்டும் போடலாமா?

பழையமலர்

அப்படியே செய்யுங்கள் ஐயா. ஊரும் தேதியும் இருந்தால் போதும், கிரைண்டர் எந்த வழியாகப் போனது என்று வரைபடமே போட்டுவிடலாம்.